பிள்ளைகளை எண்ணும் அரசுகள்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் கல்லூரி மண்டபத்தில் நடத்திய தொடர் உரைகளில் ஒன்றின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச ஒரு வைத்தியரை அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ மார்பகப் புற்றுநோயைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். செயலாளர் அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தார். தலைப்பைச் சொன்னதும், "பிள்ளை, இது அரசியலாய்ப் போகாதோ?" என்று தொலைபேசியில் கேட்டார். போகும், அக்கா. மகப்பேற்று விடுதிகளில் வேலை செய்கிறவர்களுக்கு எது அரசியல், எது மருத்துவம் என்று பிரித்துப் பார்ப்பது எப்போதும் கடினம்தான். எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவத்துக்குப் போன மூன்று பேர் சேர்ந்து யோசித்தது இந்த உரை. அதனால் குரல் ஒன்றாக இருந்தாலும் 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

உரைக்கு ஆயத்தம் செய்தபோது எங்களுடைய உயர்தர வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டோம். உங்கள் அம்மம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள், அம்மாவுக்கு எத்தனை, உங்களுக்கு எத்தனை? ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் பதில்கள் வந்து குவிந்தன. எட்டு, நான்கு, இரண்டு. பதினொன்று, மூன்று, ஒன்று. ஒன்பது, ஐந்து, இரண்டு. சிரிப்புப் படங்கள், அம்மம்மாமாரின் பழைய புகைப்படங்கள் என்று குழு இரண்டு நாள் களைகட்டியது. ஒருத்தி மட்டும் செய்தியைப் பார்த்தாள், பதில் போடவில்லை. மூன்றாம் நாள் தனியாக எழுதினாள்: "ஏழு, மூன்று. என்னுடையதை விட்டுவிடுங்கோ."

பிள்ளைப் பேறு பற்றி ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்கவேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் இந்தப் பிழையை விட்டோம். அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். இதை இங்கே சொல்வதற்கும் அவளுடைய அனுமதி உண்டு. அன்புள்ள தோழிகள் கேட்ட கேள்வியே இப்படிக் குத்துமென்றால், அதே கேள்வியைச் சம்பளத்தையும் தண்டனையையும் கையில் வைத்துக்கொண்டு ஓர் அரசு கேட்டால் என்ன நடக்கும்? அதற்குப் பல நாடுகளில் பதில் இருக்கிறது. எல்லாவற்றிலும் தெளிவான பதில் ருமேனியாவில் இருக்கிறது.

1957 இலிருந்து ருமேனியாவில் கருக்கலைப்பு சட்டபூர்வமாக, இலகுவாகக் கிடைத்தது. வேறு கருத்தடை முறைகள் அதிகம் கிடைக்காத நாட்டில் பெண்கள் அதையே நம்பியிருந்தார்கள். பிறப்புகள் குறைந்தன. ஆட்சிக்கு வந்த நிக்கொலாய் சவுசெஸ்குவுக்குத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வேண்டும், நாடு பெரிதாகத் தெரியவேண்டும். 1966 ஒக்ரோபரில் 770 ஆம் இலக்க ஆணை வந்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டாத, நான்கு பிள்ளைகளைப் பெறாத பெண்களுக்குக் கருக்கலைப்பு ஏறக்குறைய முற்றாகத் தடுக்கப்பட்டது. கருத்தடைச் சாதனங்களின் இறக்குமதி நின்றது. விவாகரத்து கடினமாக்கப்பட்டது. இருபத்தைந்து வயதைக் கடந்தும் பிள்ளை இல்லாத ஆணும் பெண்ணும் வரி கட்டவேண்டியதாயிற்று.

முதல் வருடம் பார்த்தால் திட்டம் மகத்தான வெற்றி. 1966 இல் ஏறத்தாழ 274,000 பிள்ளைகள் பிறந்த நாட்டில் 1967 இல் ஏறத்தாழ 528,000 பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறக்கூடிய பிள்ளைகளின் சராசரியை மொத்தக் கருவள வீதம் என்று சொல்வோம். அது 1.9 இலிருந்து ஒரே வருடத்தில் 3.7 ஆயிற்று. ஒரு வருடத்துக்குள் பிறப்புகள் இரட்டிப்பானால் மகப்பேற்று விடுதியில் கட்டிலுக்கு என்ன நடக்கும், தாதிக்கு என்ன நடக்கும் என்று எங்களால் கற்பனை செய்யமுடிகிறது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது பாடசாலைகளிலும் இடம் போதவில்லை.

பிறகு வீதம் மெல்ல இறங்கத் தொடங்கியது. பெண்கள் வழி கண்டுபிடித்தார்கள். வழி என்றால் சமையலறை மேசையும் துப்புரவில்லாத குழாயும். 1980 களில் மறுபடி இரண்டுக்குக் கிட்ட வந்ததும் அரசு பிடியை இறுக்கியது. தொழிற்சாலைகளில் பெண்களுக்குக் கட்டாய மகளிர் பரிசோதனை நடந்தது. கர்ப்பம் தரித்தவளின் பெயரைப் பதிந்து, அது பிரசவத்தில் முடிகிறதா என்று பார்த்தார்கள். இரத்தப்போக்கோடு வைத்தியசாலைக்கு வந்தவளிடம், யார் செய்தது, எங்கே செய்தது என்று விசாரித்தார்கள். வாக்குமூலம் வரும்வரை சிகிச்சை தாமதித்த சம்பவங்கள் உண்டு. வைத்தியர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. உதவினால் சிறை, உதவாவிட்டால் மேசையில் பிணம்.

1989 இல் ருமேனியாவின் தாய் மரண வீதம் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ 170. ஐரோப்பாவிலேயே அதிகம் அதுதான். அந்த மரணங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் வந்தவை. இருபத்து மூன்று வருடங்களில் ஏறத்தாழப் பத்தாயிரம் பெண்கள் இப்படி இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அரச இல்லங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் விடப்பட்டிருந்தார்கள். அந்த வருட டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. 25 ஆம் திகதி சவுசெஸ்கு சுடப்பட்டார். அடுத்த நாளே புதிய அரசு அந்த ஆணையை நீக்கியது. ஒரு வருடத்துக்குள் தாய் மரண வீதம் பாதியாகக் குறைந்தது. புதிய மருந்தோ புதிய வைத்தியசாலையோ வரவில்லை. ஒரு தாள் கிழிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

ருமேனியாவை நீட்டிச் சொல்வதற்கு எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் நாட்டிலும் கருக்கலைப்புச் சட்டம் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளதுதான். தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டும் விதிவிலக்கு. இரவு ஒரு மணிக்கு இரத்தம் வடிய ஒரு பிள்ளை வருவாள். "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன்" என்பாள். கூட வந்த மாமி வேறு பக்கம் பார்ப்பார். நாங்கள் கேட்பதில்லை. முதலில் இரத்தத்தை நிறுத்துவோம். சட்டத்தைப் பற்றி இந்த மண்டபத்தில் பல கருத்துகள் இருக்கலாம், இருக்கட்டும். வைத்தியரைப் பொலிஸாக்கினால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி எங்களுக்கு ஒரே கருத்துத்தான்.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் அக்காமார் இரண்டு காலங்களையும் பார்த்தவர்கள். 1966 இல் அங்கே குடும்பத் திட்டமிடல் சபை அமைக்கப்பட்டது. 1972 இலிருந்து இரண்டோடு நிறுத்துங்கள் என்று நான்கு மொழிகளிலும் பிரசாரம் நடந்தது, தமிழிலும். சுவரொட்டியோடு விடவில்லை. அடுத்தடுத்த பிள்ளைக்கு அரச வைத்தியசாலையில் பிரசவக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. 1973 இலிருந்து மூன்றாவது பிள்ளைக்குச் சம்பளத்துடனான பிரசவ விடுமுறை இல்லை. நல்ல பாடசாலையில் இடம் எடுப்பதிலும் மூன்றாவது, நான்காவது பிள்ளைகள் பின்னுக்குப் போனார்கள். மூன்றாவதாகப் பிறந்ததற்கு ஐந்து வயதுப் பிள்ளை தண்டனை அனுபவிப்பது என்ன நியாயமோ தெரியவில்லை. பத்து வருடம் முடியுமுன்னரே வீதம் இரண்டுக்குக் கீழே போய்விட்டது.

1983 இல் பிரதமர் லீ குவான் யூ தேசிய தினப் பேச்சில் ஒரு புதிய கவலையை வெளியிட்டார்: படித்த பெண்கள் திருமணம் செய்வதும் பிள்ளை பெறுவதும் குறைகிறது. அடுத்த வருடம் பட்டதாரித் தாய்மார் திட்டம் வந்தது. பட்டதாரித் தாய்க்கு மூன்று பிள்ளைகள் இருந்தால் பாடசாலை அனுமதியில் முன்னுரிமை. அதே காலத்தில், கல்வி குறைந்த, முப்பது வயதுக்குட்பட்ட தாய் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டால் பத்தாயிரம் டொலர். யார் பெறலாம், யார் பெறக்கூடாது என்பதை இவ்வளவு பச்சையாக எழுதிவைத்த திட்டங்கள் குறைவு. முன்னுரிமை பெறவேண்டிய பட்டதாரிப் பெண்களே அதை எதிர்த்தார்கள் என்பது எங்களுக்கு இன்றும் ஆறுதல். முன்னுரிமைத் திட்டம் 1985 இல் கைவிடப்பட்டது. 1987 இல் அரசு முழுதாகத் திரும்பியது: வசதி இருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல் பெறுங்கள். பிறகு பணம், வரிச் சலுகை, வீட்டு முன்னுரிமை எல்லாம் கொடுத்தார்கள். 2023 இல் வீதம் 0.97.

தென் கொரியா இன்னும் வேடிக்கை. ஒரு காலத்தில் ஆண்கள் கருத்தடைச் சிகிச்சை செய்துகொண்டால் இராணுவ ஒதுக்குப் படைப் பயிற்சியில் மிச்ச மணித்தியாலங்களை மன்னித்தார்கள். 1960 இல் ஆறாக இருந்த வீதம் 2023 இல் 0.72. இப்போது பிள்ளை பெறச்சொல்லி அதே அரசு கொட்டும் பணத்துக்குக் கணக்கில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் 1988 இலிருந்து மூன்றாவது பிள்ளைக்குப் பெருந்தொகை கொடுத்துப் பார்த்தது, உச்சத்தில் 8,000 டொலர். பிறப்புகள் கொஞ்சம் கூடின. பெறவிருந்தவர்கள் சற்று முந்திப் பெற்றது எவ்வளவு, உண்மையில் கூடுதலாகப் பெற்றது எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 1997 இல் அதை நிறுத்திவிட்டு, நாளொன்றுக்கு ஐந்து டொலருக்குப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் கொண்டுவந்தார்கள். மொன்றியலில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி சொல்கிறாள்: "எட்டாயிரம் தந்திருந்தாலும் நான் மூன்றாவதைப் பெத்திருக்கமாட்டன். டேகெயார் இல்லாட்டி இரண்டாவதையும் பெத்திருக்கமாட்டன்."

இனி வீட்டுக்கு வருவோம்.

எங்கள் நாட்டில் குடும்பத் திட்டமிடல் சங்கம் தொடங்கியது 1953 இல். 1958 இல் சுவீடன் அரசின் உதவியோடு முன்னோடித் திட்டங்கள் வந்தன. 1965 இல் அரசு இதைத் தாய் சேய் நலச் சேவைக்குள் சேர்த்தது. நாங்கள் பெருமைப்படவேண்டிய தீர்மானம் என்றால் இந்தச் சேர்ப்புத்தான். குடும்பநல உத்தியோகத்தர் துவிச்சக்கர வண்டியில் வீடு தேடி வந்தபோது கர்ப்பிணியின் காலில் வீக்கம் பார்த்தார், குழந்தையை நிறுத்தார், தடுப்பூசிக்கு வரச்சொன்னார், அதோடுதான் "அடுத்ததுக்குக் கொஞ்சம் இடைவெளி விடுவமோ?" என்றும் கேட்டார். கேட்டவரைப் பெண்களுக்குத் தெரியும். பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கையும் அவரால்தான் வந்தது. 1940 களின் இறுதியில் ஓர் இலட்சம் பிறப்புக்கு ஐந்நூறுக்கு மேலிருந்த தாய் மரணம் இப்போது பெரும்பாலான ஆண்டுகளில் முப்பதை அண்டி நிற்கிறது.

ஆனால் பிறப்பு வீதம் இறங்கியதற்கு முழுப் பெருமையையும் சுகாதாரத் திணைக்களத்துக்குக் கொடுத்தால் இந்தக் கல்லூரிக்கு அநியாயம் செய்தவர்களாவோம். 1901 இல் இலங்கைப் பெண்ணின் சராசரித் திருமண வயது பதினெட்டுச் சொச்சம். 1953 இல் ஏறத்தாழ 21. 1971 இல் 23.5. மொத்தக் கருவள வீதம் 1953 இல் ஐந்துக்கு மேல், 1971 இல் நான்கைச் சற்றுத் தாண்டி, 2000 ஆம் ஆண்டளவில் இரண்டை அண்டியது. ஆரம்பகால இறக்கத்தில் பெரும்பங்கு திருமணம் பிந்தியதால் வந்தது என்பது குடித்தொகை ஆய்வாளர்கள் கண்டது. திருமணம் ஏன் பிந்தியது? பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். 1945 இன் இலவசக் கல்வி அவளை இன்னும் சில வருடம் இருத்திவைத்தது. (சீதனம் சேராததும் மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்காததும் கூடக் காரணம். விழா மேடை என்பதற்காக அதை மறைக்கவேண்டியதில்லை.) நூறு வருடத்துக்கு முன் எங்கள் கல்லூரியைத் தொடங்கியவர்களின் மனதில் பிறப்பு வீதம் இருந்திருக்காது. பெண் பிள்ளைகள் வாசிக்கவேண்டும், கணக்குச் செய்யவேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். சிங்கப்பூர் கட்டணத்தை ஏற்றியும் ருமேனியா பொலிஸை வைத்தும் எண்ணிக்கையை அசைக்கப் பார்த்த காலத்தில், இங்கே ஒருவரும் ஒருவரையும் வெருட்டாமல் அது தானாக அசைந்தது. படித்த பெண் தானே முடிவெடுத்தாள்.

எல்லாம் சுத்தமாக நடந்தது என்றும் சொல்லமுடியாது. 1980 களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவருக்கு ஐந்நூறு ரூபா வரை கொடுப்பனவு இருந்தது. கொழும்பில் ஐந்நூறு ரூபா வேறு, லயன் அறையில் அன்றாடக் கூலிக்கு வாழ்கிற தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு ஐந்நூறு ரூபா வேறு. வீட்டில் அரிசி இல்லாத நாளில் வைத்த கையொப்பத்தைச் சம்மதம் என்று எங்கள் பாடப்புத்தகம் ஏற்காது. தனியார் துறையில் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாள் பிரசவ விடுமுறை, மூன்றாவதற்கு 42 நாள் என்று ஒரு விதி இருந்தது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மூன்றாவது பிள்ளையைப் பெற்றவளின் உடல் பாதி நாளில் ஆறிவிடும் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. அதுவும் சிங்கப்பூர் போட்டது போன்ற கணக்குத்தான். 2018 இல்தான் அந்த வேறுபாடு நீக்கப்பட்டது.

2013 இல் கிளிநொச்சி மாவட்டத்தின் சில கிராமங்களில் பெண்களுக்குப் போதிய விளக்கமில்லாமல் தோலுக்கடியில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதிகாரிகள் மறுத்தார்கள். அந்தக் குச்சி நல்ல சாதனம், நாங்களே பலருக்கு வைத்திருக்கிறோம். ஆனால் போரில் உறவுகளை இழந்த ஊரில், கூட்டம் கூட்டமாக அழைத்து, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வர நேரம் கொடுக்காமல் வைத்தால் அது வேறு பொருளாகிவிடும். 2019 இல் தெற்கில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று செய்தி பரவியது. விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை, பிறகு அவர் மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டார். அதற்கிடையில் அவர் சிறையும் கண்டார். நாடு முழுவதும் தாய்மார் தங்கள் வைத்தியரைச் சந்தேகத்தோடு பார்த்த மாதங்கள் அவை. எந்த இனம் எத்தனை பெறுகிறது என்று எண்ணத் தொடங்கினால் அந்த எண்ணிக்கை கடைசியில் பிரசவ அறைக்குள்தான் வந்து நிற்கும்.

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் பேசுகிறோம்? 2019 இல் ஏறத்தாழ 319,000 பிறப்புகள் பதிவான எங்கள் நாட்டில் 2023 இல் ஏறத்தாழ 248,000 தான். பொருளாதார நெருக்கடி, வெளிநாடு போகும் இளம் தம்பதிகள், பிந்தும் திருமணம் எல்லாம் சேர்ந்த இறக்கம். இனி மேடைகளில் பேச்சு மாறும். எங்கள் சொந்த மேடைகளிலேயே மாறத் தொடங்கிவிட்டது. இனம் குறைகிறது, தமிழ்ப் பெண்கள் மூன்று நான்கு பெறவேண்டும் என்று மாலை போட்டுக்கொண்டு பேசுகிற பெரியவர்களைக் கேட்டிருப்பீர்கள். அவர்களுடைய துயரம் எங்களுக்குப் புரியாததல்ல. இந்த மண்டபத்தில் சகோதரனையோ கணவனையோ பறிகொடுக்காத வரிசை ஒன்று இருக்குமா? வெறுமையான வீடுகளையும் மூடப்பட்ட ஆரம்பப் பாடசாலைகளையும் பார்த்தால் எங்களுக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அந்தப் பேச்சில் ஒருமுறையாவது, பிறந்த பிள்ளையைப் பகலில் யார் பார்ப்பது என்ற கேள்வி வந்ததை நாங்கள் கேட்டதில்லை.

எங்கள் கிளினிக்கில் அந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் வருகிறது. அரச உத்தியோகத்தில் இருக்கும் தகப்பனுக்கு மூன்று நாள் விடுமுறை. சத்திரசிகிச்சையால் பிள்ளை பெற்றவள் வீடு போய்ச் சேருமுன்னரே அது முடிந்துவிடும். அம்மா உயிரோடு இருந்தால், ஊரில் இருந்தால், சுகமாக இருந்தால் அவர் பார்ப்பார். அம்மா கனடாவில் இருந்தால்? போன மாதம் ஓர் ஆசிரியை வந்தார், முப்பத்தெட்டு வயது, ஒரு பிள்ளை. இரண்டாவது வேண்டும் என்று ஆசை. ஆனால் பராமரிப்பு நிலையத்துக்குக் கொடுப்பது சம்பளத்தில் பாதி என்று எங்களுடைய மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். பிழை இல்லாத கணக்கு. எங்கள் கல்லூரியில் படித்தவர். அவருக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது போலிக் அசிட் மட்டும்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் நீச்சல் தடாகம் கட்டுவதா, நுழைவாயில் கட்டுவதா என்று கருத்துக் கேட்டிருந்தீர்கள். கல்லூரிக்குப் பின்னால் பழைய விடுதிக் கட்டடம் பூட்டியபடி கிடக்கிறது. ஆசிரியைகளின் பிள்ளைகளுக்கும் சுற்றுவட்டாரத்தில் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கும் அங்கே ஒரு பகல் பராமரிப்பு நிலையம் தொடங்கமுடியுமா என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசுங்கள். எங்கள் வகுப்புத் தோழிகள் முதல் பங்கைச் சேர்த்துவிட்டார்கள். முதலில் அனுப்பியவள், தன் எண்ணிக்கையை விட்டுவிடச் சொன்ன அதே தோழி.

நேரம் போய்விட்டது, தேநீரும் வடையும் ஆறுகிறதென்று செயலாளர் அக்கா கைகாட்டுகிறார். எல்லோர் முன்னிலையிலும் கேட்கமுடியாத கேள்வி யாருக்காவது இருந்தால், நாங்கள் மூவரும் உயிரியல் ஆய்வுகூடத்துக்கு வெளியே, அந்த வேப்பமரத்தடியில் ஆறு மணிவரை இருப்போம்.